அடுப்புச் சுட்ட தழும்பு

எனக்கு மெடிக்கல் வந்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எல்லோரும் டொக்டர் ஆகிவிட்டார்கள். மெடிக்கல் என்றால் விசா தருவதற்கு முன் கொழும்பில் செய்யும் உடற்பரிசோதனை. கனடாவில் இருந்த என் கணவர் என்னைக் கூப்பிடுவதற்கு எழுதிப்போட்டு, அது எங்கெங்கோ கிடந்து, ஒருபடியாக இந்த இடத்துக்கு வந்திருந்தது. இதைத் தாண்டினால் அவரிடம் போய்ச் சேரலாம். தாண்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கலியாணம் கட்டிய பிறகு நாங்கள் சேர்ந்து இருந்ததைவிடப் பிரிந்து இருந்ததுதான் மிக அதிகம். இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

குளத்துக்குக் குளிக்கப் போனால், "இளநி குடி பிள்ளை, சலம் சுத்தமாப் போகும்" என்று மூத்திரப் பரிசோதனைக்கு வழி சொன்னாள் ஒருத்தி. பீட்ரூட் சாப்பிட்டால் இரத்தம் நல்ல சிவப்பாகத் தெரியும் என்றாள் அடுத்தவள். பனங்காய்ப் பணியாரத்தின் பக்கமே போகாதே, சீனி ஏறிவிடும் என்றார் சங்கக்கடை மனேச்சர். தூசு குடித்தால் எக்ஸ்ரேயில் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பி, அம்மா என்னை முற்றம் கூட்டவும் விடவில்லை. சூடு அடித்து நெல் தூற்றுகிற காலம் அது. ஊர் முழுக்கத் தூசு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கே போவது?

நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட ஒன்றும் இல்லாமல் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது என் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நாடும் கேட்கவில்லை. இப்போது என் சலம் வேண்டுமாம், இரத்தம் வேண்டுமாம், நெஞ்சுக்குள்ளே படம் பிடிக்க வேண்டுமாம்.

எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர். சண்டை முடிந்து மீள்குடியேற்றம் என்று எங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது வீடுகளுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வயலுக்குப் போகிற பாதையில் கண்ணிவெடிப் பலகை இருந்தது. தந்த தகரத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா சண்டை இறுகுவதற்கு முன்னமே, நோய் வந்து, கட்டிலில் கிடந்து செத்தவர். அப்படிச் சாகக் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர் என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

என் கலியாணமும் அவசரக் கலியாணம்தான். வீட்டுக்கு வீடு இயக்கத்துக்குப் பிள்ளைகளைப் பிடித்துப் போன காலம். கட்டிய பிள்ளை என்றால் விடுவார்கள் என்று நம்பி, பந்தலும் இல்லாமல் மேளமும் இல்லாமல் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது என் அதிர்ஷ்டம். சில மாதங்களில் அவர் விடத்தல்தீவுப் பக்கமிருந்து வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார், அங்கிருந்து எப்படி எப்படியோ கனடாவுக்குப் போனார். நான் அம்மாவோடு வன்னிக்குள் இடம்பெயர்ந்து போனேன்.

சண்டையின் கடைசி மாதங்களில் எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. ஒரு துண்டு வலது தோளின் பின்பக்கம் புகுந்து உள்ளே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் போட்டார்கள். துண்டை எடுக்க வசதி இல்லை, கிடக்கட்டும், ஒன்றும் செய்யாது என்றார்கள். அடுத்த கிழமை அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. அன்றிலிருந்து என் வலது கை காதுக்கு மேலே எழும்பாது. தலை பின்னுவதற்கு அம்மா வேண்டும். சுளகில் அரிசி புடைப்பேன், ஆனால் நெல் தூற்ற என்னால் முடியாது. மாரிகாலத்தில் குளிர் பிடித்தால் துண்டு இருக்கிற இடம் உளையும்.

பிறகு ஆமி காவல் போட்ட முகாம். முகாமில் காயத்தோடு இருப்பது சும்மா விடயமில்லை. எங்கே பட்டது, எப்படிப் பட்டது, இயக்கத்தில் இருந்தாயா என்று கேட்பார்கள். இளம் வயதுக்காரருக்குக் காயம் இருந்தால் தனியே கூப்பிடுவார்கள். கூப்பிட்டுப் போன சிலர் திரும்பி வர நெடுங்காலம் எடுத்தது. அம்மா ஒரே நாளில் முடிவெடுத்தார்.

"ஆரும் கேட்டா காயம் இல்லை எண்டு சொல்லு. கண்டுட்டுக் கேட்டா அடுப்புச் சுட்டது எண்டு சொல்லு."

அம்மா மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் பேசி வைத்துக்கொண்ட ஒரு கதை இருந்தது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் கதையை ஒருவரும் மாற்றவில்லை. எங்கள் ஊரில் ஷெல் காயம் உள்ளவர் ஒருத்தரும் இல்லை. பனையால் விழுந்தவர் இருந்தார், மாடு முட்டியவர் இருந்தார், கொதிதண்ணீர் ஊற்றுப்பட்டவள் இருந்தாள், ட்ராக்டர் கொழுவி இழுத்தவன் இருந்தான். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கேட்டால், உலகத்திலேயே கவனமில்லாத சனம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்று நினைத்துப் போவார்.

இந்தக் கதையை நம்பாத ஒரே ஆள் எங்களுக்குச் சட்டை தைக்கிற ராத்தா. முஸ்லிம் பெண். இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியதில், இருபது வருடத்துக்குக் கிட்டப் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, விடத்தல்தீவு றோட்டில் தன் பழைய காணிக்குத் திரும்பி வந்து, காட்டை வெட்டி, தையல் மெஷினை வைத்துக்கொண்டு இருந்தவர். என்னை அளவெடுத்த முதல் நாளே தோளில் கை பட்டதும் நின்றுவிட்டார்.

"இது என்ன புள்ள?"

"அடுப்புச் சுட்டது, ராத்தா."

"அடுப்பு எப்புடி முதுகுக்குப் பின்னால வந்து சுட்டது?"

அவர் சிரித்துக்கொண்டு அளவு நாடாவை இறுக்கினார். அதற்குப் பிறகு நான் கேட்காமலே என் சட்டைகளுக்குப் பின்கழுத்தை ஏற்றித் தைத்துத் தந்தார். அதற்காக நான் அவரை இன்றைக்கும் நினைப்பதுண்டு.

அவர் வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்கு மூன்று தடவை போய் வந்தவர். மெடிக்கல் விடயத்தில் ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. எனக்கு மெடிக்கல் என்றதும் தையலை நிறுத்திவிட்டு வகுப்பு எடுத்தார்.

"ஆடு வாங்க வந்த யாவாரி மாதிரித்தான் பாப்பாங்க. பல்லையும் பாப்பாங்க. வெக்கப்படாத. முன்னுக்குப் பொத்தான் வெச்ச சட்டை போட்டுட்டுப் போ, கழட்ட லேசு. எதக் கேட்டாலும் இல்லண்டு சொல்லு. சீனி இல்ல, பிரசர் இல்ல, ஒப்பரேசன் இல்ல, ஒண்டுமே இல்ல. ஓமெண்டு ஒருக்காச் சொன்னியோ, அன்பிட் எண்டு குத்தி அனுப்பிருவாங்க."

"எக்ஸ்ரேயில தெரியாதோ, ராத்தா?" என்று மெல்லக் கேட்டேன். இதுதான் என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

"அவங்க பாக்கிறது சுவாசப் பைய. தோள் யாருக்கு வேணும்?" என்றார். பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "எங்கள இஞ்சயிருந்து வெளியேத்தினப்ப ஒருத்தனும் மெடிக்கல் கேக்கல புள்ள. நடக்க ஏலாதவங்களையும் நடக்கத்தான் சொன்னாங்க" என்றார். தோளை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதை நம்ப எனக்கு விருப்பமாக இருந்தது. ஆகவே நம்பினேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக்கூடாது, தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புருஷன் உயிரோடு இருக்கத் தாலியைக் கழற்றுவதா என்று அம்மா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐயரிடம் போனார். கொடி அறுந்தால் பொருத்தக் கொடுக்கும்போது செய்வதைப்போலச் செய்யலாம், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டால் கழுத்து வெறுமையாக இருக்காது என்று அவர் சொன்னார். அம்மா தானே மஞ்சள் அரைத்து, தானே நூலைத் தோய்த்துக் காயவைத்து, பிள்ளையார் கோயிலில் வைத்து எனக்குக் கட்டிவிட்டார். கொடியைச் சீலைத் துணியில் சுற்றி நெல்லு மூட்டைக்குள் ஒளித்தார். காதிலும் மூக்கிலும் கையிலும் இருந்ததையெல்லாம் கழற்றினார். பிறகு என்னைச் சுற்றிவரப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இப்ப உன்ரை மேலில ஒரு பொட்டு இரும்புகூட இல்லை. இனி எக்ஸ்ரேயில ஒண்டும் தெரியாது."

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அடுப்புக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிக் கடைசியில் தானே நம்பத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கொழும்பில் அந்தக் கிளினிக் குளிரூட்டிய இடம். தோள் உளையத் தொடங்கிவிட்டது. வரிசையாகக் கதிரைகளில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்துச் சனம். ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கேள்வி கேட்பதற்கு ஒரு தாதி இருந்தார். கொழும்புத் தமிழ் பேசினார். காசம் இருந்ததா, வலிப்பு இருக்கா, ஒப்பரேசன் செஞ்சிருக்கா, காயம் ஏதாச்சும் என்று வாசித்துக்கொண்டே போனார். நான் இல்லை, இல்லை, இல்லை என்றேன்.

"கேள்வி முடிய முந்தியே இல்லைன்னு சொல்றீங்களே" என்று அவர் சிரித்தார்.

எங்களுக்கு அப்படித்தான் வரும். ஆமியின் காவலரணில் விசாரணைக்கு நின்று பழகிய வாய். கேள்வி என்று ஒன்று வந்தால், என்ன கேள்வி என்று காது கேட்பதற்கு முன் வாய் இல்லை என்று சொல்லிவிடும்.

டொக்டர் அம்மா என் முதுகைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தாதி தமிழில் கேட்டார். அடுப்புச் சுட்டது என்றேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் மஞ்சள் கயிற்றைப் பார்த்து, அது பரவாயில்லை என்று கையைக் காட்டினார். அம்மாவின் பாடு வீண்போகவில்லை. முன்பக்கப் படம் ஒருமாதிரி எடுத்தாயிற்று. பிறகு பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார். இடது கை போனது. வலது கை காதடியில் நின்றது.

"ஒழுங்கா தூக்குங்க."

தூக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கை வரவில்லை.

"இன்னும் மேல. மேல, மேல." அவர் வந்து என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினார். நான் கத்திவிட்டேன். அவர் கையை எடுத்துவிட்டு, எனக்கு நடிப்பு என்பதுபோலப் பார்த்துக்கொண்டு, கிடைத்த அளவுக்குப் படத்தை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் டொக்டரின் அறைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வெளிச்சப் பெட்டியில் என் நெஞ்சு தொங்கியது. விலா எலும்புகள் சாம்பல் நிறம். தோள் எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒன்று, எல்லாவற்றையும்விட வெள்ளையாக. இத்தனை காலமும் என்னோடு படுத்து எழும்பியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஒரு பக்கம் கூராக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் அம்மா ஏதோ சொன்னார். தாதி என் பக்கம் திரும்பினார்.

"டொக்டர் கேக்கிறாங்க, இதுவும் அடுப்பான்னு."

டொக்டர் அப்படிக் கேட்டாரா, தாதி தானே கூட்டிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இருவரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை, சின்னச் சிரிப்புத்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. உள்ளே இரும்பு கிடக்கிற ஒருத்தி ஏன் அடுப்பு என்று சொல்கிறாள் என்று ஒரு கணம் யோசிக்க, படித்த இரண்டு பேருக்கு முடியவில்லை. நான் பொய் சொல்லிப் பிடிபட்ட கள்ளிபோல நின்றேன். ஷெல் அடித்தவனை யாரும் எந்த அறைக்கும் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டதில்லை. கேள்வி எல்லாம் அதைச் சுமக்கிறவளிடம்தான்.

இப்படியே அனுப்ப முடியாது என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே ஒன்று இருந்தால், கனடாவில் உள்ளவர்கள் எதையும் நம்ப மாட்டார்களாம். இது என்ன, எப்போது, எப்படி என்று வைத்தியம் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள்.

"அந்த ஆஸ்பத்திரி இப்ப இல்லை" என்றேன்.

"மூடிட்டாங்களா?"

நான் என்னத்தைச் சொல்ல? "ஓம், மூடிட்டாங்கள்" என்றேன். அப்படியென்றால் வேறு சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவரிடம் வாங்கி வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா இடிந்துபோய் நிலத்தில் இருந்தார். "மஞ்சள் கயிறு கட்டியும் காட்டிப்போட்டுதோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் கணவர் போனில் வந்தபோது அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் அவருக்கும் தெரியாது. முகாமிலிருந்து பேசியபோது பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். ஊருக்கு வந்த பிறகு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்போது ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பியள்?"

அவர் தன்னுடைய கதையைச் சொன்னார். அவர் முதுகில் ஒரு தழும்பு உண்டு. இடம்பெயர்வதற்கு முந்திய காலத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போய் அடித்தது. அதை நான் அறிவேன். கனடாவில் அகதி வழக்குக்கு அவருடைய லோயர் அந்தத் தழும்பைப் படம் எடுப்பித்தாராம். வெளிச்சம் போதாது என்று திரும்பவும் எடுப்பித்தாராம். டொக்டர் ஒருவர் அளந்து எழுதிக் கொடுத்தாராம்.

"நான் முதுகைக் காட்டித்தான் இஞ்சை பேப்பர் எடுத்தனான். தழும்பு இல்லாட்டி என்னை நம்பியிருக்க மாட்டாங்கள். ஒரு பொடியனுக்குத் தழும்பு இல்லை எண்டு கேஸ் விழுந்தது, தெரியுமோ?"

எனக்குக் கொதித்தது. அவரோடு அல்ல. ஆனால் போனில் அவர்தானே இருந்தார். அவரைத்தான் ஏசினேன்.

"அப்ப உங்கடை காயம் சாட்சி, என்ரை காயம் குற்றமோ? நீங்கள் காட்டினதாலை நாடு தந்தவங்கள், நான் ஒளிச்சதாலை நிப்பாட்டுறாங்களோ? இஞ்சை காட்டினா பிடிப்பினம், அங்கை காட்டாட்டி விடமாட்டினம். நாங்கள் எங்கை காட்டுறது, எங்கை மறைக்கிறது எண்டு ஆராவது முதலே சொல்லித் தந்தவையோ?"

அவர் நான் ஏசி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நோகுதோ?" என்று கேட்டார். அந்தக் காயத்தைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. குளிருக்கு நோகும் என்றேன். இங்கே நல்ல குளிர் என்றார், பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல்.

மன்னார் ரவுனில் பின்னேரங்களில் ஆட்களைப் பார்க்கிற ஒரு சத்திரசிகிச்சை டொக்டரிடம் அம்மாவும் நானும் போனோம். தமிழ் ஆள்தான், வயது குறைவு. எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோளை அமத்திப் பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லி, அது நின்ற இடத்தில் தானே விட்டார். சிரிக்கவில்லை. எப்படிப் பட்டது என்று கேட்கவும் இல்லை. கடகடவென்று ஒரு கடிதம் எழுதி நீட்டினார். நான் வாசித்தேன். எனக்குப் பெரிய ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தச் சொல் தெரியும். பழைய விபத்தில் உள்ளே போன உலோகம் என்று எழுதியிருந்தார்.

"டொக்டர், இது விபத்தில்லை."

"தெரியும் தங்கச்சி. இப்பிடி எழுதினாக் காணும். அவங்கள் ஏற்பாங்கள்."

"விபத்தெண்டா ஆரோ தெரியாமச் செய்தது. இது தெரியாம வந்து விழேல்லை."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விபத்தெண்டே இருக்கட்டும் பிள்ளை. டொக்டர் ஐயா, நீங்கள் எழுதினது சரி. இவள் விசரி." அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கு விட மனமில்லை. அடுப்பு என்று நான் சொன்னேன், அது பயத்தில் சொன்ன பொய், என் பொய். இப்போது படித்த ஒருவர் கையெழுத்துப் போட்டு இன்னொரு பொய்யைக் கையில் தந்து, இதைக் கொண்டுபோ என்கிறார்.

"நான் ஷெல் எண்டு எழுதினா, நாளைக்கு என்னைக் கேப்பினம்" என்றார் டொக்டர், குரலைத் தாழ்த்தி.

"என்னைக் கொழும்பில ரெண்டு பேர் கேட்டுச் சிரிச்சவை, டொக்டர். இனி அவை சிரிக்கக் கூடாது."

"ஆற்றை ஷெல், எந்தப் பக்கம் அடிச்சது எண்டு நான் எழுத ஏலாது."

"ஆற்றை எண்டு எழுதச் சொல்லி நான் கேக்கேல்லை. என்ன எண்டு எழுதுங்கோ. அது காணும்."

அவர் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். முதற் கடிதத்தை நாலாகக் கிழித்தார். வேறு தாள் எடுத்து, மெதுவாக, ஷெல் துண்டு என்று ஆங்கிலத்தில் எழுதி, வலது கை இவ்வளவுதான் எழும்பும் என்பதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வைத்தார். "இதை இஞ்சை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ" என்றார். அம்மா அதை என் கையிலிருந்து பறித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பவும் கொழும்பு. பஸ்ஸில் போகும்போது முழுவதும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஏன் முதலில் இல்லை என்று சொன்னேன், முகாமில் என்ன நடந்தது, ஊரில் எல்லோரும் ஏன் அப்படிச் சொல்கிறோம், எல்லாவற்றையும் அந்த டொக்டர் அம்மாவுக்கு ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அவர் தலை குனிந்து கேட்க வேண்டும். தாதியும் கேட்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டு போகும்போதே எனக்குத் தெம்பாக இருந்தது.

டொக்டர் அம்மா கடிதத்தை வாங்கினார். கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினார். ஓகே என்று சொல்லி அதை மற்றத் தாள்களோடு சேர்த்துக் குத்தினார். அவ்வளவுதான்.

"டொக்டர், நான் அண்டைக்கு இல்லை எண்டு சொன்னது ஏனெண்டா..." என்று தொடங்கினேன்.

தாதி கையைக் காட்டினார். "அது தேவையில்லைங்க. கனடாக்காரங்க பாக்கிறது உங்களுக்குக் காசம் இருக்கான்னு மட்டும்தான். இது ஒட்டுற வருத்தமா? யாருக்கும் பரவாதே. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

என்னைப் பிடிப்பார்கள் என்று அம்மா பயந்தது, ஊரே சேர்ந்து கதை கட்டியது, மன்னார் டொக்டர் கதவைப் பார்த்துவிட்டு எழுதியது எல்லாம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. யாருக்கும் பரவாது. அவர்கள் நாட்டுச் சனத்துக்கு அது தொற்றாது. ஆகவே அது இல்லை. சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"என்ன எழுதியிருக்கிறியள்?" என்று தாதியிடம் கேட்டேன்.

"எல்லாம் நோர்மல். சந்தோஷமாப் போங்க."

வீட்டுப் படலையில் அம்மா நின்றார். சட்டை தைக்கிற ராத்தாவும் வந்து காத்திருந்தார்.

"என்ன புள்ள, அடுப்பக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"கண்டுபிடிச்சவை, ராத்தா. ஒண்டும் இல்லையாம். எல்லாம் நோர்மலாம்."

அம்மா அழத் தொடங்கிவிட்டார். அன்று பின்னேரமே பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நெல்லு மூட்டைக்குள் இருந்த கொடியை எடுத்து ஐயரிடம் கொடுத்து, பிள்ளையாரின் காலடியில் வைத்து வாங்கி, தன் கையால் என் கழுத்தில் போட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். தேங்காய் உடைத்தார். அது சரிபாதியாக உடைந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் சண்டைக்குப் பிறகு பார்த்ததில்லை.

தீபம் காட்டினார்கள்.

"நல்லாக் கும்பிடு பிள்ளை" என்றார் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே. "ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கிக் கும்பிடு. உனக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள்."

இடது கையை உயர்த்தினேன். வலது கை காதடியில் நின்றது.